மூளை ட்ரெயினிங் ஆப்புக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி

டிப்ரஷன், ஆங்சைட்டி, ஏடிஎச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்னை) மாதிரி ஏதாவது இருக்கறவங்க அடிக்கடி சொல்றது "மண்டையில எதுவுமே நிக்க மாட்டேங்குது". ரூமுக்குள்ள போனா எதுக்கு வந்தோம்னு தெரியாது, ஒரே பாராவ திரும்பத் திரும்ப படிக்கணும், யாராச்சும் நாலு வேலைய வரிசையா சொன்னா கடைசி ஒன்னுதான் ஞாபகத்துல இருக்கும். இதுல பெரும்பாலும் அடிவாங்குறது வொர்க்கிங் மெமரி, அதாவது செய்யற வேலைக்கு வேண்டியத சில செகண்ட் மனசுல பிடிச்சு வச்சுகிட்டே யோசிக்கற திறன். அது எல்லாருக்குமே கம்மிதாங்க. ஜார்ஜ் மில்லர்ங்கற சைக்காலஜிஸ்ட் 1956ல ஒரே நேரத்துல ஏழு விஷயம் நிக்கும், ரெண்டு கூடவோ குறையவோன்னு சொன்னாரு, 2001ல நெல்சன் கவன்ங்கற இன்னொரு சைக்காலஜிஸ்ட் அதையும் குறைச்சு சுமார் நாலுதான்னு சொல்லிட்டாரு. அந்த நாலுல ரெண்ட "நாளைக்கு என்ன ஆகுமோ"ங்கற கவலை பிடிச்சுகிட்டா மிச்சம் என்ன இருக்கும்னு பாத்துக்கங்க.

அதனால ஞாபகசக்திய கூட்டறதா சொல்ற மூளை ட்ரெயினிங் ஆப்ப தேடுறதுக்கு முன்னாடி, இடத்த பிடிச்சுகிட்டு இருக்கறது எதுன்னு பாருங்க. தூக்கம் சரியா இருக்கா? தைராய்டு, பி12 பாத்தாச்சா? குறட்டை விட்டு தூங்கியும் காலைல அசதியாவே இருந்தா ஸ்லீப் ஆப்னியாவா, அதாவது தூக்கத்துல மூச்சு அடிக்கடி நின்னு நின்னு வர்ற பிரச்னையா இருக்கலாம். சில தூக்க மாத்திரையும் அலர்ஜி மாத்திரையும்கூட மந்தமாக்கும், ஆனா அதுக்காக நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட "இது மருந்தாலயா, நோயாலயா"ன்னு நேரா கேளுங்க. திடீர்னு குழப்பம் வந்தா, பேச்சு குழறினா அது இந்த கட்டுரைக்கான விஷயமே இல்ல, உடனே ஆஸ்பத்திரி.

இப்ப ஆப். நிறைய ட்ரெயினிங்ல வர்ற என்-பேக் விளையாட்டு, அதாவது ஸ்கிரீன்ல இப்ப வர்ற எழுத்தோ படமோ ரெண்டு மூணு தடவ முன்னாடி வந்ததுதானான்னு கண்டுபிடிக்கறது, வெய்ன் கிர்ச்னர்ங்கற ஆய்வாளர் 1958லயே பண்ண டெஸ்ட். 2008ல சுசன் யேகி குழு இத பழகினா புதுசா வர்ற சிக்கல யோசிச்சு தீர்க்கற அறிவுத்திறனே கூடுதுன்னு ஆராய்ச்சி பேப்பர் போட்டாங்க, அதுக்கப்புறம் இந்த விளையாட்டு மேல ஆர்வம் கூடுச்சு. ஆனா 2010ல 11,430 பேர வச்சு ஆறு வாரம் மூளை விளையாட்டு விளையாட வச்சு பாத்தப்ப, பழகின விளையாட்டுல நல்லா முன்னேறினாங்க, பழகாத டெஸ்டுக்கு அது போகல. 2013ல மெல்பி-லெர்வாக், ஹியூம் ரெண்டு பேரும் நிறைய ஆய்வுகள ஒன்னா சேர்த்து பாத்ததுலயும் கிட்டத்தட்ட அதே கதைதான். லுமாசிட்டிங்கற மூளை விளையாட்டு ஆப் கம்பெனி விளம்பரத்துல ஓவரா சொன்னதுக்கு 2016ல எஃப்டிசிங்கற அமெரிக்க அரசோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகிட்ட 20 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது 1980ல வந்த எரிக்சன், சேஸ் ஆய்வு. சாதாரண ஞாபகசக்தி உள்ள ஒரு காலேஜ் பையன், 200 மணி நேரத்துக்கு மேல பழகி, கேட்ட நம்பர வரிசையா திருப்பி சொல்றதுல ஏழுல இருந்து 79 வரைக்கும் போயிட்டான். எப்படின்னா அவன் ஓட்டக்காரன், நம்பர எல்லாம் ரேஸ் டைமா மாத்தி வச்சுகிட்டான். நம்பருக்கு பதிலா எழுத்த குடுத்தாங்க, திரும்ப ஆறுக்கு வந்துடுச்சு! கொள்ளளவு கூடல, அந்த ஒரு வேலைக்கான டெக்னிக்தான் கூடியிருக்கு. இதுல இருந்து நமக்கு கிடைக்கற வழி ரொம்ப சிம்பிள், எது உங்களுக்கு வரணுமோ அதையே பழகுங்க, மீதிய மண்டைக்கு வெளியில வைங்க.

வெளியில வைக்கறதுன்னா, யாராச்சும் சொல்லும்போதே எழுதுறது, "அப்புறம் எழுதிக்கலாம்"ங்கறது வேலைக்கே ஆகாது. நோட்டு, போன் எதுவா இருந்தாலும் ஒரே இடம். "ராத்திரி மாத்திரை போடணும்"னு நினைக்காதீங்க, "ராத்திரி பல்லு தேச்சு முடிச்சதும் மாத்திரை"ன்னு ஏற்கனவே செய்யற ஒன்னோட கட்டிவிடுங்க, பீட்டர் கோல்விட்சர்ங்கற சைக்காலஜிஸ்ட் இந்த "இது நடந்தா அத செய்வேன்" முறைய நிறைய ஆராய்ச்சி பண்ணிருக்காரு. எழுந்து அடுத்த ரூமுக்கு போறப்ப போற காரணத்த வாய்விட்டு சொல்லிகிட்டே போங்க, யாராச்சும் பாத்தா பாத்துட்டு போகட்டும். மீட்டிங்ல "ஒவ்வொன்னா சொல்லுங்க, எழுதிக்கறேன்"னு கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல.

அப்போ ட்ரெயினிங் சுத்த வேஸ்டான்னா, இல்ல. ஸ்கிஸோஃப்ரினியாவுக்கு (இல்லாத குரல் கேக்கறது, தப்பான சந்தேகம் மாதிரி வர்ற மனநோய்) காக்னிடிவ் ரெமிடியேஷன்னு, அதாவது கவனம், ஞாபகம், யோசிக்கற திறன பழக்கற சிகிச்சை ஒன்னு இருக்கு, 2011ல டில் வைக்ஸ் குழு 40 ஆய்வ தொகுத்து பாத்ததுல பலன் இருக்குன்னு வந்துச்சு, ஆனா நோய் ஓரளவு கட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு பலன் கூட, அதோட தெரபிஸ்ட் உக்காந்து உத்தி சொல்லிக்குடுத்து, கூடவே மத்த மறுவாழ்வு பயிற்சியும் குடுத்தாதான் அன்றாட வாழ்க்கையில வித்தியாசம் நல்லா தெரியுது. தனியா போன்ல விளையாடறது அது இல்ல. ஏடிஎச்டி குழந்தைங்களுக்கு, 8ல இருந்து 12 வயசு, என்டெவர்ஆர்எக்ஸ்ங்கற வீடியோ கேமுக்கு 2020ல எஃப்டிஏங்கற அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி குடுத்துச்சு, அதுவும் மத்த சிகிச்சையோட சேர்த்துதான், மருந்துக்கு பதிலா இல்ல.

இதெல்லாம் தெரிஞ்சும் ஆப் ட்ரை பண்ணணும்னா பண்ணுங்க, விளையாட பிடிச்சா தப்பே இல்ல. ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க வாழ்க்கையில எது மாறணும்னு ஒன்னே ஒன்ன எழுதி வைங்க, "அடுப்ப அணைக்க மறக்கறது" மாதிரி, அது வாரத்துக்கு எத்தன தடவ நடக்குதுன்னு குறிங்க. ஆப் காட்டுற ஸ்கோர நம்பாதீங்க, அது ஏறத்தான் செய்யும். மூடு ரொம்ப கீழ இருக்கற நாள்ல விளையாடாதீங்க, தோத்தா "நான் எதுக்கும் லாயக்கில்ல"ங்கற நினைப்புக்கு தீனி போட்ட மாதிரி ஆயிடும். ஒரு மாசம் ஒன்ற மாசத்துல நீங்க எழுதி வச்சது மாறலன்னா டெலீட் பண்ணுங்க, ஆப்ப தூக்கிட்டா மட்டும் சப்ஸ்கிரிப்ஷன் நிக்காது, ஆட்டோ ரினியூவலையும் தனியா ஆஃப் பண்ணணும், அதுக்கு ரிமைண்டர இப்பவே போட்டு வச்சுடுங்க.