புது பேட்டரி வாங்கும் முன் ஆல்டர்னேட்டரைச் சோதித்துப் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தால் வண்டி ஓடுகிறது. மறுநாள் மறுபடி அதே தொல்லை. இந்த நிலையில் பலர் முதலில் செய்வது புது பேட்டரி வாங்குவதுதான். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஏற்றும் கருவிதான் ஆல்டர்னேட்டர். அது சார்ஜ் ஏற்றவில்லை என்றால் அந்தப் புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: பழுது பேட்டரியில் வயர் மாட்டும் ஒரு டெர்மினலில் இருக்க, நன்றாக வேலை செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாற்றுவார்கள். இரண்டுமே வீண் செலவு. வோல்டேஜும் ஆம்பியரும் அளக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் பழுது எந்தப் பக்கம் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஆல்டர்னேட்டருக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்ட் சுற்றும்போது உள்ளே ரோட்டர் சுற்றுகிறது. கார்பன் பிரஷ் வழியாகச் சிறிது மின்சாரம் ரோட்டருக்குப் போய் அதைக் காந்தமாக்குகிறது. அதனால் சுற்றியுள்ள ஸ்டேட்டர் சுருள்களில் ஏசி மின்சாரம், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம், உண்டாகிறது. டையோடுகள் அதை ஒரே திசையில் பாயும் டிசியாக மாற்றுகின்றன. வோல்டேஜ் எல்லை மீறாமல் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. பிரஷ், டையோடு, ரெகுலேட்டர் இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அளவுகளில் பல இவற்றைப் பற்றித்தான் பேசும்.

தொடங்கும் முன்

தொங்கும் துணி, மோதிரம், அவிழ்த்துவிட்ட முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் பல வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றும். இன்னொன்றும் முக்கியம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி அணையவில்லை, அப்போது ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் பழைய வழக்கம் உண்டு. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்தில் அது எப்படியோ ஓடியது. இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரே அடியாக எகிறி, டையோடும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவும் சேர்ந்து போகலாம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

படி 1: கண்ணால் பார்ப்பது

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்யுங்கள். டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். மங்கலாக மினுமினுத்தால் டையோடு மீது சந்தேகம் வையுங்கள். சாவியை ஆன் செய்தும் எரியவே இல்லை என்றால் அதையும் விட்டுவிடாதீர்கள்: பல பழைய வண்டிகளில் ரோட்டருக்கு முதல் மின்சாரம் அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. பல்பு போனாலோ வயர் அறுந்தாலோ ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளவே செய்யாது. விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக முழு சார்ஜ் ஏறுகிறது என்றும் நம்பிவிட வேண்டாம்.

அடுத்து பெல்ட். இன்ஜின் நின்று, ஆறிய பிறகு பாருங்கள். வெடிப்பு, எண்ணெய்க் கசிவு, கண்ணாடி போன்ற பளபளப்பு இருக்கிறதா? ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஹெட்லைட் போட்டதும் 'கீச்' என்று கத்துகிறதா? வழுக்கும் பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சரியாகச் சுற்றாது. டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாட்டிய பிறகு கையால் திருகினால் டெர்மினல் அசையக் கூடாது.

படி 2: நிற்கும்போது வோல்டேஜ்

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கருப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். காலியாக இருந்தால் வெளிச் சார்ஜர் போட்டு ஏற்றிவிட்டு மேலே போங்கள். காலி பேட்டரியோடு எடுக்கும் அளவுகள் குழப்பும், ஆல்டர்னேட்டரும் தேவையில்லாமல் சூடாகும்.

படி 3: ஓடும்போது வோல்டேஜ்

ஸ்டார்ட் செய்து அதே இடத்தில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.7 வரை வந்தால் நல்லது. நிற்கும்போது இருந்த அளவே இருந்து, மெல்ல இறங்கிக்கொண்டும் போனால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருவதும் அடிக்கடி பல்பு போவதும் இதனுடன் சேர்ந்தே வரும். அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

இப்போது ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டு, ஏசி புளோயரை முழு வேகத்தில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை 2000 ஆர்பிஎம் அளவில் பிடியுங்கள். 13.5-க்கு மேல் நின்றால் கவலையில்லை. 13-க்குக் கீழே சரிந்தால் ஆல்டர்னேட்டர் பலவீனமாக இருக்கிறது, அல்லது வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மாடல்களில் எரிபொருளை மிச்சப்படுத்த ஈசியூவே சார்ஜிங்கைக் குறைக்கும். அப்போது ஓடும்போதே 12.5 காட்டலாம், பழுது என்று அவசரப்பட வேண்டாம். பேட்டரி மைனஸ் டெர்மினலில் ஒரு சின்ன சென்சார் மாட்டியிருப்பது இதற்கு அடையாளம். ஹெட்லைட் போட்டுச் சிறிது நேரம் விட்டால் பெரும்பாலும் அளவு ஏறும்.

படி 4: வயரா, ஆல்டர்னேட்டரா?

பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். ஆனால் ஆல்டர்னேட்டரை வீணாக மாற்றாமல் தடுப்பது இதுதான். ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் மாட்டிய போல்ட் ஒன்று இருக்கும். அதுதான் பி பிளஸ். அது எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருப்பதால், ஸ்பேனர் அதிலும் பாடியிலும் சேர்ந்து பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

இன்ஜின் ஓட, விளக்குகள் எரிய, சிவப்பு முனையை பி பிளஸ்ஸிலும் கருப்பை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரு முனைகள் என்பதால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வரை பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் உள்ளே அரித்திருக்கிறது. சில வோல்ட் காட்டினால் நடுவில் உள்ள பெரிய ஃபியூஸ் போயிருக்கலாம். உதாரணமாக பி பிளஸ்ஸில் 14.3, பேட்டரியில் 12.3 என்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, இடையில் 2 வோல்ட் தொலைகிறது.

பிறகு ஆல்டர்னேட்டரின் உலோக உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். இங்கும் 0.2-க்கு மேல் வந்தால் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைத் தேடிப் பிடியுங்கள். துருப்பிடித்த ஒரே ஒரு எர்த் போல்ட் மொத்த வண்டியையும் ஆட்டிவைக்கும்.

படி 5: டையோடு

மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, இன்ஜினும் விளக்குகளும் ஓட, பேட்டரியில் வையுங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். சில மலிவு மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்து 25-க்கு மேல் காட்டிப் பயமுறுத்தும். அதனால் முதலில் இன்ஜின் அணைந்திருக்கும்போது ஒரு முறை பாருங்கள். அப்போது பூஜ்யம் காட்டாத மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்ப முடியாது. டையோடு ஷார்ட் ஆகியிருந்தால் வண்டி நிற்கும்போதும் அதன் வழியாக பேட்டரி இறங்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் பேட்டரி இறங்குகிறதா?

ஒன்று, பேட்டரியே வயதாகி சார்ஜைப் பிடித்து வைக்காமல் போயிருக்கலாம். பேட்டரி மீது பெரிய மின்சுமை ஏற்றிப் பார்க்கும் லோடு டெஸ்ட் அதைச் சொல்லிவிடும். அல்லது வண்டி அணைந்திருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரம் குடிக்கிறது. மைனஸ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து, கதவுகளைப் பூட்டி, ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பழுது ஆல்டர்னேட்டரில்தான் என்று உறுதியானாலும் முழுதாக மாற்றச் சம்மதிக்கும் முன் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பல மாடல்களில் ரெகுலேட்டரும் கார்பன் பிரஷும் சேர்ந்த சிறு பகுதியை மட்டும் தனியாக மாற்றலாம். எந்தப் படியில் எவ்வளவு காட்டியது என்று எழுதிவைத்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள். வேலை முடிந்த பிறகு படி 3-ஐயும் 4-ஐயும் அவர் எதிரிலேயே ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.