கார் இல்லாமல் ஷ்ரோப்ஷயரில் மூன்று நாள்: திட்டமிடுவது எப்படி?

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்கள் பலருக்கு விடுமுறை என்றால் லண்டன், எடின்பரோ, லேக் டிஸ்ட்ரிக்ட் மூன்றும்தான். ஷ்ரோப்ஷயர் பக்கம் அதிகம் பேர் திரும்புவதில்லை. வேல்ஸ் எல்லையை ஒட்டிய கவுண்டி அது. டெல்ஃபோர்டையும் ஷ்ரூஸ்பரியையும் விட்டால் மற்றதெல்லாம் குன்றுகள், ஆடு மேயும் புல்வெளிகள், சின்னச் சின்னச் சந்தை ஊர்கள்.

நகரத்துக்குப் போவதென்றால் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதிக்கொண்டு, போகும் வழியை அப்புறம் யோசிக்கலாம். கிராமப்புறத்தில் அது சரிப்படாது. ஒரு பஸ்ஸை விட்டால் அன்றைய நாளே போய்விடும். அதனால் முதலில் ரயில், பிறகு தங்குமிடம், கடைசியில்தான் பார்க்கும் இடங்கள்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரலில் புல்வெளி எங்கும் ஆட்டுக்குட்டிகள். ஆகஸ்டில் மலை மேல் ஹெதர் பூத்து ஊதா நிறமாகிவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், பல இடங்கள் வார இறுதியில் மட்டும் திறந்திருக்கும். முதல் முறை போகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போவதே நல்லது. மே, ஆகஸ்ட் மாதங்களின் கடைசித் திங்கள் பேங்க் ஹாலிடே, அதாவது பொது விடுமுறை. அந்த வார இறுதிகளில் கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம்.

படி 2: ரயில் பாதையில் ஓர் ஊரைப் பிடியுங்கள்

இந்தப் பயணத்துக்கு அடித்தளமே இந்த முடிவுதான். ஷ்ரூஸ்பரியிலிருந்து தெற்கே ஹெர்ஃபோர்டு நோக்கிப் போகும் பாதையில் சர்ச் ஸ்ட்ரெட்டன், கிரேவன் ஆர்ம்ஸ், லட்லோ என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. ஷ்ரூஸ்பரியிலிருந்து சர்ச் ஸ்ட்ரெட்டனுக்குக் கால் மணி நேரம். அங்கிருந்து லட்லோவுக்கு ஏறக்குறைய அதே நேரம். மான்செஸ்டருக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஓடும் ரயில்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. லண்டன்வாசிகள் ஈஸ்டனில் ஏறி பர்மிங்காமிலோ க்ரூவிலோ மாற வேண்டியிருக்கும். பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி ஒரு மணி நேரப் பயணம்.

எங்கே தங்குவது? சாப்பாடும் பழைய கட்டடங்களும் முக்கியம் என்பவர்களுக்கு லட்லோ. என்னைக் கேட்டால் சர்ச் ஸ்ட்ரெட்டன். ரயிலை விட்டு இறங்கி அரை மணி நேரத்துக்குள் மலையடிவாரத்துக்கு நடந்தே போய்விடலாம், பஸ்ஸோ டாக்சியோ தேவையில்லை. கார் இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான ஊர் இந்தக் கவுண்டியில் கிடைப்பது கஷ்டம்.

தொலைதூர ரயில்களின் அட்வான்ஸ் டிக்கெட் சுமார் 12 வாரத்துக்கு முன்பே விற்பனைக்கு வரும், விலையும் குறைவு. ரயில்கார்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. இருவர் சேர்ந்து வாங்கும் டூ டுகெதர் கார்டு வார நாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறவர்கள் அதைக் கவனித்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: தங்குமிடம்

மூன்று வழிகள். பி அண்ட் பி என்றால் ஒரு வீட்டில் அறையும் காலைச் சாப்பாடும். பப்களின் மாடியிலும் அறைகள் உண்டு. கீழே சனிக்கிழமை இரவு கலகலப்பாக இருக்கும், தூக்கம் லேசானவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால் சமையலறை உள்ள காட்டேஜ் நல்லது. ஆனால் காட்டேஜ்களைப் பெரும்பாலும் வெள்ளி முதல் திங்கள், அல்லது திங்கள் முதல் வெள்ளி என்று கணக்கு வைத்துத்தான் தருவார்கள். பி அண்ட் பி-யிலும் சனிக்கிழமை ஒரே ஓர் இரவுக்கு இடம் கிடைப்பது அரிது. இரண்டு இரவாவது எடுக்கச் சொல்வார்கள்.

பதிவு செய்யும்போதே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: நிலையத்திலிருந்து நடக்கிற தூரமா, சைவக் காலைச் சாப்பாடு உண்டா, காலையில் அறையைக் காலி செய்த பிறகு பெட்டியை வைத்துவிட்டுப் போகலாமா.

படி 4: ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய வேலை

முதல் நாள் வந்து இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்து, நேரத்தோடு சாப்பிட்டாலே போதும்.

இரண்டாம் நாள் மலை. ஊரை ஒட்டி நீளமாகப் படுத்திருப்பது லாங் மிண்ட். நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் கார்டிங் மில் பள்ளத்தாக்கு வழியாக மோட்ஸ் ரோடு என்ற பாதையில் ஏறினால் போல் பேங்க் உச்சி, 516 மீட்டர். எந்தத் திசையில் எந்த மலை தெரிகிறது என்று காட்டும் வட்டப் பலகை அங்கே இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் வேல்ஸ் மலைகள் வரிசையாகத் தெரியும். போய்வர அரை நாளுக்கு மேல் ஒதுக்குங்கள். பாதி தூரம் போதும் என்பவர்கள் லைட்ஸ்பவுட் அருவி வரை போய்த் திரும்பலாம். ஆனால் குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நாலைந்து பேர் நின்றாலே இடம் நிறைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் சரிவெங்கும் கருநீலப் பழங்கள் காய்த்துக் கிடக்கும். உள்ளூர்க்காரர்கள் வின்பெர்ரி என்பார்கள். அதில் செய்த பை ஏதாவது டீக்கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மூன்றாம் நாளுக்கு இரண்டு வழி. ஒன்று லட்லோ. திங்கள், புதன், வெள்ளி, சனியில் கோட்டை முன் சந்தை கூடும். அந்தக் கோட்டையை 1811-இல் அரசிடமிருந்து வாங்கியவர் எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டபோது அந்தப் பதவியில் இருந்தவர் இவர்தான். இது தெரிந்த பிறகு அந்த மதில்களைச் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க முடியவில்லை. வரும் வழியில் கிரேவன் ஆர்ம்ஸில் இறங்கி இருபது நிமிஷத்துக்கு மேல் நடந்தால் ஸ்டோக்சே கோட்டை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் ஒரு கம்பளி வியாபாரி கட்டியது. சின்னதுதான், ஆனால் லட்லோவைவிட எனக்குப் பிடித்தது.

இன்னொரு வழி ஷ்ரூஸ்பரி. செவர்ன் ஆறு ஊரைக் கிட்டத்தட்ட முழு வட்டமாகச் சுற்றி ஓடுகிறது. டார்வின் 1809-இல் பிறந்த ஊர். அவர் படித்த பள்ளிக் கட்டடம் இப்போது நூலகம், வாசலில் அவர் சிலை. சதுக்கத்தில் நிற்பது அப்பா கிளைவ். ஆற்காட்டு முற்றுகையில் கோட்டையைக் காத்து நின்றவர், பிறகு இந்த ஊரின் எம்.பி.

1779-இல் எழுப்பிய இரும்புப் பாலம் இருக்கும் அயர்ன்பிரிட்ஜும் இதே கவுண்டிதான். ஆனால் அங்கே ரயில் கிடையாது, டெல்ஃபோர்டு போய் பஸ் பிடிக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

படி 5: சாப்பாட்டு நேரம்

பப் இரவு பதினொன்று வரை திறந்திருக்கும், சமையல்கட்டு அப்படி அல்ல. பொதுவாக மதியம் 12 முதல் 2, மாலை 6 முதல் 8.30 அல்லது 9. அதற்குப் பிறகு சிப்ஸ் பாக்கெட்தான். திங்கள், செவ்வாயில் சமையலே இல்லாத பப்களும் உண்டு. சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிறு ரோஸ்டுக்கும் மேசையை முன்னாடியே சொல்லி வையுங்கள். மலைக்குப் போகும் நாளுக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

படி 6: பையில் என்ன?

மழைச்சட்டை, பிடிமானம் உள்ள பூட்ஸ், கொஞ்சம் சில்லறைப் பணம், பவர் பேங்க். பள்ளத்தாக்குகளில் போனில் சிக்னல் போய்விடும். அதனால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள், அல்லது ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 217 என்ற வரைபடத்தைக் காகிதத்தில் வாங்குங்கள். அதில் விட்டு விட்டுப் போகும் பச்சைக் கோடுகளாக இருப்பவை பொதுமக்கள் நடக்க உரிமை உள்ள பாதைகள், அவை தனியார் வயலுக்குள்ளேயே போகும், தயங்காமல் நடக்கலாம். வழியில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு; நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். கேட் மூடியிருந்தால் கடந்த பிறகு மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு பசு நின்றால் ஊர்ப் பழக்கத்தில் தடவிக் கொடுக்கப் போகாமல் விலகி நடங்கள்.

படி 7: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் பராமரிப்பு வேலை இருக்கிறதா என்று நேஷனல் ரயில் தளத்தில் பாருங்கள். இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், நேரம் இரட்டிப்பாகும். கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் அநேகமாக இருக்காது. டாக்சி தேவைப்பட்டால் உள்ளூர்க்காரரிடம் முந்தின நாளே பேசி வையுங்கள். பள்ளி நாட்களில் காலை எட்டரையை ஒட்டியும் மாலை மூன்றரையை ஒட்டியும் கேட்காதீர்கள். பெரும்பாலான வண்டிகள் அப்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்.