காலண்டரில் தூக்கக் கணக்கு

வீட்டில் யாருக்காவது பைபோலார் (மனநிலை சில காலம் அளவுக்கு மீறி ஏறியும் சில காலம் மிகவும் இறங்கியும் போகும் நோய்) இருந்தால், சமையலறை காலண்டரில் தினமும் ஒரே ஒரு எண்ணை எழுதி வையுங்கள்: ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார். 7, 7, 6 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென 4, 3 ஆகிறது, ஆனாலும் களைப்பே இல்லாமல் விடியுமுன் எழுந்து அலமாரியை அடுக்குகிறார், புதுப்புதுத் திட்டமாகப் பேசுகிறார் என்றால் உற்சாகம்தானே என்று விட்டுவிடாதீர்கள். மேனியா, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறும் கட்டம், தொடங்குவதாக இருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்தக் காலண்டர் தாளோடு. கல்யாண வீட்டில் கண்விழிப்பது, நைட் ஷிப்ட் இரண்டையும் முடிந்தவரை தவிருங்கள்.

பைபோலாருக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயில் காலத்தில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், உப்பையும் திடீரென நிறுத்தாதீர்கள். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மூட்டுவலிக்கு நீங்களாகவே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டாலும் அப்படித்தான். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நன்றாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்தத் தோன்றும். தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

மனசு தாங்காத ராத்திரியில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.