பழைய பிளாப்பியில் சிதைந்த கோப்புகளை மீட்பது எப்படி?

பழைய 3.5 அங்குல பிளாப்பியைச் செருகியதும் "இந்த வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கிறதா? 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வட்டை வெளியே எடுங்கள். 1.44 எம்பி வட்டில் 2,880 செக்டர்கள் (தரவைச் சேமிக்கும் சிறு பகுதிகள்) உண்டு, ஒவ்வொன்றும் 512 பைட். முதல் செக்டர் ஒன்று படிக்க முடியாமல் போனாலே இந்தக் கேள்வி வந்துவிடும். மீதி 2,879-உம் நன்றாக இருக்கக்கூடும்.

பிளாப்பி டிரைவில் தலை, வட்டை உரசிக்கொண்டேதான் படிக்கும். பூஞ்சையோ தூசியோ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சு தேயும். ஆகவே வட்டைச் சுழற்றுவது ஒரே ஒரு வேலைக்குத்தான்: முழு வட்டையும் ஓர் இமேஜ் கோப்பாகப் பிரதி எடுக்க. மற்ற எல்லாச் சோதனையும் அந்த இமேஜின் மேல்தான். செக்டிஸ்க் போன்ற 'பழுது பார்க்கும்' நிரல்களை அசல் வட்டில் ஓட்டவே கூடாது. அவை வட்டில் எழுதும், எழுதியதைத் திரும்பப் பெற வழியில்லை.

தேவையானவை

யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று. முடிந்தால் வேறு தயாரிப்பில் இன்னொன்று. 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நார் உதிராத பஞ்சுக்குச்சி. லினக்ஸ் உள்ள கணினி (பென் டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு போதும்). டிரைவைச் சோதிக்க, போனால் போகட்டும் என்ற ஒரு பிளாப்பி. பழைய மேக் கணினியின் 400 கேபி, 800 கேபி வட்டுகளை யூஎஸ்பி டிரைவ் படிக்காது. அவற்றுக்கு கிரீஸ்வீசல் போன்ற தனிக் கருவி வேண்டும்.

படி 1: பூட்டுங்கள், பாருங்கள்

வட்டின் ஒரு மூலையில் தள்ளும் சிறு மூடி இருக்கும். துளை திறந்திருக்கும்படி தள்ளினால் எழுத முடியாதபடி பூட்டு விழும். பிறகு உலோக ஷட்டரை விரலால் நகர்த்தி, பின்பக்க உலோக மையத்தை மெல்லச் சுழற்றி, விளக்கொளியில் பரப்பைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் என்றால் பூஞ்சை. வட்டக்கோடாக வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அங்கே பூச்சே போய்விட்டது. அந்த டிராக்கில் (வட்டத் தடத்தில்) இருந்தது திரும்பாது.

பூஞ்சை இருந்தால் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு, மையத்தைச் சுழற்றிக்கொண்டே இரு பக்கமும் அழுத்தாமல் துடையுங்கள். குச்சியில் பழுப்பு நிறம் ஏறினால் பூச்சு கரைகிறது, உடனே நிறுத்துங்கள். நகப்பூச்சு நீக்கியைத் தொடவே வேண்டாம். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கால் மணி நேரம் காயவிட்ட பிறகே டிரைவில் போடலாம். பூஞ்சை வட்டு ஒன்றைப் படித்த பிறகு டிரைவின் தலையையும் துடைத்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த நல்ல வட்டையும் அதே அழுக்கு கீறும்.

படி 2: இமேஜ் எடுங்கள்

இதற்கு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற இலவச நிரல். உபுண்டுவில் தொகுப்பின் பெயருக்கு முன்னால் ஒரு 'ஜி' சேர்த்துத் தேடுங்கள். கிட்டத்தட்ட இதே பெயரில் வேறொரு நிரலும் இருப்பதால் குழப்பம் வரும். கட்டளையில் வரிசை இதுதான்: நிரலின் பெயர், விருப்பங்கள், டிரைவின் பெயர், இமேஜ் கோப்பின் பெயர், மேப் கோப்பின் பெயர். வரிசை மாறினால் இமேஜை வட்டில் எழுதப் பார்க்கும். படி 1-இல் பூட்டியது இதற்காகவும்தான்.

முதல் ஓட்டத்தில் மறுமுயற்சி வேண்டாம். எளிதாகப் படிக்கக்கூடியதை முதலில் எடுத்துவிடட்டும். நல்ல வட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த ஓட்டத்தில் மறுமுயற்சி எண்ணிக்கையை 3 என்று கொடுங்கள். இடையில் 'கிர்ர்' என்று தலை திரும்பத் திரும்ப நகரும் சத்தம் இயல்பு. தொடர்ந்து கீச்சிட்டால் வட்டு தேய்கிறது; நிறுத்தி, மீண்டும் துடையுங்கள்.

எந்தெந்த செக்டர் வந்தது, எது வரவில்லை என்பதை மேப் கோப்பு நினைவில் வைத்திருக்கும். இரண்டாவது டிரைவ் கேட்டது இதற்காகத்தான். அதே இமேஜ், அதே மேப் கோப்பு, வேறு டிரைவ் என்று ஓட்டினால் விடுபட்ட செக்டர்களை மட்டும் தேடிப் படிக்கும். ஒரு டிரைவின் தலை நிற்கும் இடமும் இன்னொன்றின் தலை நிற்கும் இடமும் மயிரிழை வேறுபடும். முதல் டிரைவ் கைவிட்ட செக்டர் அடுத்ததில் வருவது அந்த மயிரிழையால்தான்.

முடிந்ததும் இமேஜின் அளவு 14,74,560 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். 720 கேபி வட்டு என்றால் 7,37,280. பிறகு இமேஜுக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கைவையுங்கள்.

படி 3: கோப்புகளை வெளியே எடுங்கள்

நகலை செவன்-ஜிப்பில் திறந்தால் பல சமயம் பட்டியல் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் ஹெக்ஸ் எடிட்டர் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகப் பார்த்துத் திருத்தும் நிரல்) தேவை. 1.44 எம்பி டாஸ் வட்டின் அமைப்பு எப்போதும் ஒன்றே: செக்டர் 0 துவக்க செக்டர், 1 முதல் 9 வரை கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு), 10 முதல் 18 வரை அதே அட்டவணையின் இரண்டாம் பிரதி, 19 முதல் 32 வரை கோப்புப் பட்டியல், 33-இலிருந்து தரவு. துவக்க செக்டர் கெட்டிருந்தால் வேறொரு நல்ல 1.44 வட்டின் இமேஜிலிருந்து முதல் 512 பைட்டை எடுத்து ஒட்டுங்கள். முதல் அட்டவணை கெட்டிருந்தால், 5,120-ஆம் பைட்டிலிருந்து 4,608 பைட்டை எடுத்து 512-ஆம் பைட்டில் தொடங்கி ஒட்டுங்கள். இந்த இரண்டு ஒட்டுகளிலேயே பல வட்டுகள் உயிர் பெறும்.

பட்டியலே போய்விட்டால் ஃபோட்டோரெக் நிரல். அது கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடும். பெயர் கிடைக்காது, துண்டு துண்டாகச் சேமித்த கோப்பு முழுதாக வராது.

வெளியே வந்த கோப்புகளில் எது ஓட்டை என்று அறிய, டிடிரெஸ்க்யூவின் நிரப்பு முறையைப் பயன்படுத்துங்கள். இமேஜ் நகலில், படிக்க முடியாத செக்டர்களில் நாம் தரும் ஒரு சொல்லை அது நிரப்பும். பிறகு அந்த நகலிலிருந்து கோப்புகளை மீண்டும் எடுத்து, அவற்றுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால் எந்தக் கோப்பில் எந்த இடம் போயிற்று என்று தெரிந்துவிடும்.

படி 4: 'சிதைந்தது' என்று தோன்றும் தமிழ்

நல்ல கோப்பையே குப்பையில் போடுவது இங்கேதான் நடக்கிறது. யூனிகோட் பரவும் முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாக இருந்தால் அநேகமாக பாமினி எழுத்துரு. அதில் மெய்யெழுத்துப் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருந்தது. தலையில் கோடும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டிஸ்கி, அல்லது 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் குறியாக்கங்கள். சிதைந்த வேர்டு கோப்பை லிப்ரே ஆஃபிஸில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் வேர்டிலேயே 'எந்தக் கோப்பிலிருந்தும் உரையை மீட்க' என்ற திறப்பு முறை உண்டு. கிடைத்த உரையை, பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் என்.எச்.எம். கன்வர்ட்டரில் இட்டு, குறியாக்கத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியானது வந்ததும் கண்ணுக்கே தெரியும்.

டிஸ்கி உரையில் ஒரு சிக்கல். 'இ' இருந்த 173-ஆம் இடத்தைப் பல நிரல்கள் மறைகோடு (வரி உடையும்போது மட்டும் தெரியும் இணைப்புக் கோடு) என்று நினைத்து விழுங்கிவிடும். மாற்றிய உரையில் 'இந்த', 'இது' எல்லாம் 'ந்த', 'து' என்று வந்தால் வட்டின் மேல் பழியில்லை. நகலெடுத்து ஒட்டாமல் கோப்பாகவே கன்வர்ட்டருக்குக் கொடுத்துப் பாருங்கள்.