கிளவுட் டிரைவ் மாட்டியிருக்கிற கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி கிளவுட் டிரைவுக்குள்ள ஒரு ஃபோல்டரை காப்பி பண்ணி அந்த பச்சை பார் கடைசி வரைக்கும் ஓடிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறோம்ல, சிக்கலே அங்கதான். ஃபைல் இன்னும் உங்க கம்ப்யூட்டரை விட்டு கிளம்பியே இருக்காது, லோக்கல் டிஸ்க்ல இருக்கிற கேஷ்லதான், அதாவது தற்காலிக சேமிப்புலதான் உக்காந்திருக்கும், அங்கேர்ந்து பின்னாடி மெதுவா அப்லோட் ஆகும். கணக்கு போட்டுப் பாருங்க, 40 ஜிபி ஃபோல்டர், அப்லோட் ஸ்பீடு 20 எம்பிபிஎஸ், நின்னு போகாம ஓடினாலே கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். ஆனா காப்பி என்னமோ அஞ்சு நிமிஷத்துல முடிஞ்ச மாதிரி காட்டும்.

நான் இதுல நல்லா மாட்டியிருக்கேன். வீடியோ ஃபோல்டர் ஒண்ணை போட்டுட்டு உடனே ரீஸ்டார்ட் அமுக்கிட்டேன், ஸ்கிரீன்ல அந்த வட்டம் சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்கு, பொறுமை போய் பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணேன். திரும்ப ஆன் ஆனப்போ எது போச்சு எது போகலைங்கற கணக்கே சாஃப்ட்வேர்கிட்ட இல்ல, பாவம், கேஷ்ல இருந்த மொத்தத்தையும் முதல்லேர்ந்து அப்லோட் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணது தப்பில்ல, அந்த பட்டனை பிடிச்சதுதான் தப்பு.

சரி, எப்படி பண்ணணும்? முதல்ல டிரைவுக்குள்ள எழுதிக்கிட்டு இருக்கிற எல்லாத்தையும் மூடுங்க, டோரன்ட், பேக்கப் சாஃப்ட்வேர், மீடியா சர்வர், அந்த டிரைவ்லேர்ந்து திறந்து வச்ச எக்செல் ஃபைல் எல்லாம்தான். அப்புறம் பாக்கி எவ்வளவு இருக்குன்னு பாருங்க. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ்னா கீழ கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஐகானை கிளிக் பண்ணா தெரிஞ்சிடும். ஆர்குளோன் (rclone, கிளவுட்டை ஒரு டிரைவ் மாதிரி மாட்டிக் குடுக்கிற சாஃப்ட்வேர்) வச்சிருக்கவங்க அதோட ரிமோட் கன்ட்ரோல் வசதியை ஆன் பண்ணியிருந்தா vfs/stats கமாண்டுல எத்தனை ஃபைல் ஏறிக்கிட்டு இருக்கு, எத்தனை க்யூல நிக்குதுன்னு பாத்துக்கலாம்.

இந்த பாக்கி பூஜ்யம் ஆகுற வரைக்கும் காத்திருக்கணுமான்னா, வெறும் ரீஸ்டார்ட்டுக்கு அவசியமில்ல. ஒழுங்கா மூடினா பாக்கி கேஷ்லயே பத்திரமா இருக்கும், திரும்ப வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து க்யூ ஓடும். ஆர்குளோன்லயும் கேஷ் மோடை 'ரைட்ஸ்' (writes) அல்லது 'ஃபுல்' (full)னு வச்சிருந்தா அடுத்த தடவை அதே செட்டிங்ஸோட மவுன்ட் பண்ணதும், அதாவது டிரைவை மாட்டினதும் மிச்சத்தை ஏத்திடும், ஆஃப்ல வச்சிருந்தா பாதியில அறுந்த அப்லோட் அறுந்ததுதான். ஆனா விண்டோஸை திரும்ப போடப் போறீங்க, எஸ்எஸ்டி மாத்தப் போறீங்க, அந்த அக்கவுன்ட்டை டிஸ்கனெக்ட் பண்ணப் போறீங்கன்னா பூஜ்யம் ஆகாம கையே வைக்காதீங்க, ஏன்னா கேஷோட சேர்ந்து அதுல இருக்கிற ஒரே காப்பியும் போயிடலாம்.

அடுத்தது டிரைவை நீங்களே கழட்டுறது, பலபேர் விட்டுடறது இதைத்தான். விண்டோஸ் 10 ஷட் டவுன் ஆகும்போது பின்னாடி ஓடுற சாதாரண சர்வீஸுக்கெல்லாம் டீஃபால்ட்டா 5 செகண்ட்தான் டைம் குடுக்கும், அதுக்குள்ள கேஷை எழுதி முடிக்கலைன்னா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். லினக்ஸ்ல சர்வீஸையெல்லாம் பாத்துக்கிற சிஸ்டம்டி கொஞ்சம் தாராளம், வழக்கமா 90 செகண்ட் தரும். எதுக்கு இந்த ரேஸ்? முன்னாடியே ஐகான் மெனுவுல குவிட் குடுங்க, இல்ல டிடாச் குடுங்க, ஆர்குளோன்னா அன்மவுன்ட் பண்ணுங்க, டிரைவ் லெட்டர் இருந்தா அது மறையுற வரைக்கும் இருங்க, அப்புறம் ரீஸ்டார்ட். குவிட் ஆக நேரமாகுதுன்னு டாஸ்க் மேனேஜர்ல எண்ட் டாஸ்க் குடுக்கிறது, லினக்ஸ்ல கில் மைனஸ் 9 (kill -9) போட்டு பலவந்தமா நிறுத்துறது எல்லாம் நான் பவர் பட்டனை பிடிச்ச மாதிரிதான்.

டிரைவ் ஏதோ கோளாறு பண்ணுதுன்னு மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்றவங்க கவனிங்க, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் முழுசா ஷட் டவுனே இல்ல, கெர்னலையும் டிரைவரையும் டிஸ்க்ல சேவ் பண்ணி வச்சுட்டு அடுத்த தடவை அதையே எடுத்துப் போடும். ரீஸ்டார்ட்தான் சுத்தமா புதுசா ஆரம்பிக்கும். அப்டேட் தானா ரீஸ்டார்ட் பண்ணிடும்ங்கற பயம் இருந்தா ஆக்டிவ் ஹவர்ஸை, அதாவது அப்டேட் தானா ரீஸ்டார்ட் பண்ணக் கூடாத நேரத்தை, நீங்களே செட் பண்ணிக்கங்க, 18 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம்.

திரும்ப ஆன் ஆனதுக்கு அப்புறம் தான் பெரிய ஆபத்தே. கிளவுட் டிரைவ் மவுன்ட் ஆக கொஞ்ச நேரம் எடுக்கும், அதுக்குள்ள ஆட்டோ ஸ்டார்ட்ல இருக்கிற மத்ததெல்லாம் முந்திக்கும். மீடியா சர்வர் வந்து பாத்தா ஃபோல்டர் காலி, படமெல்லாம் அழிஞ்சுதுன்னு லைப்ரரிலேர்ந்து தூக்கிடலாம், அதையாவது திரும்ப ஸ்கேன் பண்ணிக்கலாம். ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைக்கிற மிரர் மோடுல ஓடுற சிங்க் சாஃப்ட்வேரா இருந்தா இங்க காலின்னு நினைச்சு அந்தப் பக்கமும் அழிக்கப் பாக்கும். லினக்ஸ்ல இன்னொரு கூத்து, மவுன்ட் ஆகாத வெறும் ஃபோல்டர்ல புரோகிராம் எழுத ஆரம்பிச்சிடும், அப்புறம் ஆர்குளோன் வந்து ஃபோல்டர் காலியா இல்லையே, நான் மவுன்ட் பண்ண மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

அதனால அந்த புரோகிராமையெல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்லேர்ந்து எடுத்துடுங்க, இல்ல மவுன்ட் ஆன பிறகு ஓடுற மாதிரி வைங்க. நான் பண்றது ரொம்ப சிம்பிள், கிளவுட் டிரைவுக்குள்ள ஒரு காலி டெக்ஸ்ட் ஃபைல் போட்டு வச்சிருக்கேன், பேக்கப் ஸ்கிரிப்ட் முதல்ல அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கும், தெரியலைன்னா எதையும் தொடாம அப்படியே நின்னுடும்.