பாவித்த ஆல்ட்டோ சாக்சபோன்: திருகோணமலையில் வாங்குமுன்

மேற்பூச்சு உரிந்திருக்கிறது என்று முகம் சுளிக்க வேண்டாம்; சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம்மூரில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங். சாவிகளைத் தாங்கும் சிறு தூண்களிலிருந்து ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள்தான் அவை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் திறந்து கிடந்த வாத்தியமென்றால், நீலமாக இருக்க வேண்டிய கம்பி பழுப்பேறி, தூணுக்குள் போகுமிடத்தில் அரித்திருக்கும். ஒன்றிரண்டென்றால் மாற்றலாம். பத்துப் பன்னிரண்டென்றால் விட்டுவிடுங்கள். விற்பவர் நன்றாகவே வாசித்துக் காட்டுவார். பிறகு ஒவ்வொன்றாக முறியும்.

அடுத்தது பேட், சாவி மூடிகளின் அடியில் துளையை அடைக்கும் தோல் வட்டு. ஆல்ட்டோவில் ஏறத்தாழ 25 உண்டு. தோல் வெடித்து, கல்லாக இறுகியிருந்தால் காற்றுக் கசியும். எல்லாவற்றையும் மாற்றுவதென்றால் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டிவரும், ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கூலியையும் போக்குவரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கசிவைப் பிடிக்க நத்தாருக்குத் தொங்கவிடும் பற்றரி எல்இடி மாலை போதும். அறையை இருட்டாக்கி, மாலையைக் குழாய்க்குள் இறக்கி, ஒவ்வொரு சாவியாக மெதுவாக அமுக்குங்கள். பேட் சரியென்றால் வெளிச்சம் சுற்றிவர ஒரேயடியாக மறையும். ஒரு பக்கம் நூல்போலக் கீற்றுத் தெரிந்தால் அங்கே கசிவு. இறுக்கி அமுக்கினால் மறைகிறதே என்று சமாதானமாக வேண்டாம், வாசிக்கும்போது யாரும் அப்படி அமுக்குவதில்லை.

ஊதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆகத் தாழ்ந்த சுரங்களான பி ஃபிளாட், பி, சி மூன்றையும் மெல்ல ஊதச் சொல்லுங்கள். பலமாக ஊதினால் மட்டும் வருகிறதா, கொப்பளிக்கிறதா, மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறதா? கோளாறு அந்தச் சாவிகளில் இருக்கவேண்டுமென்றில்லை, மேலே எங்கோ கசியும். ஜி ஷார்ப் சாவியின் மூடி ஒட்டிக்கொள்வது பெரிய குற்றமல்ல: அந்த மூடியைத் திறக்கும் ஸ்பிரிங் மெலிது, பேட்டில் பிசுக்கு ஏறினால் எழும்பாது. துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

கைபேசியில் சுருதி காட்டும் ட்யூனர் செயலியைத் திறந்து விரலமைப்பில் சி வாசித்தால் ஈ ஃபிளாட் காட்ட வேண்டும். சி என்றே காட்டினால் அது சி மெலடி என்ற வேறு வகைச் சாக்சபோன். பழைய சாமான்களில் ஆல்ட்டோ என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். சுருதி சேர, வாயில் வைத்து ஊதும் மௌத்பீஸை, நெக் எனும் வளைந்த மேல்குழாயின் முனையிலுள்ள கார்க்கின் அடிவரை திணிக்கவோ நுனிவரை இழுக்கவோ வேண்டியிருந்தால் நெக்கிலோ மௌத்பீஸிலோ பிழை.

கடைசியாக நெக்கைக் கழற்றிவிட்டு, குழாயை மேலிருந்து நீளவாக்கில் கண்ணோட்டம் விடுங்கள். சிறு நசுங்கல் பரவாயில்லை. வாழைப்பழம்போல வளைந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதிதாகத்தான் வேண்டுமென்றால் யமஹா 280 நம்பிக்கையானது, ஆனால் விலை கூட. அதைவிடக் குறைந்த காசுக்கு, பாவித்த யமஹா 23 அல்லது 275, இல்லாவிட்டால் ஜூப்பிட்டர் தேடுங்கள். சிவப்பு, நீலம் பூசிய பெயர் தெரியாத மலிவுச் சாக்சுகளில் சாவி உலோகம் மெத்தென்று வளையும், உதிரிப்பாகமும் கிடைக்காது. மிச்சம் பிடித்த காசில் யமஹா 4சி மௌத்பீஸும் அதில் பூட்டும் நாணல் தகடான ரீட்டில் 2 அல்லது 2½ எண்ணும் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பல்குத்தும் குச்சி நுனியால் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் எண்ணெய் தொட்டு வையுங்கள். பேட்டில் படக்கூடாது.