அகேட் தேடுகிறீர்களா? வெயிலைப் பார்த்து நடங்கள்

சரளைக் குவாரியில் அகேட் என்ற வரிப்பட்டை உள்ள அழகுக்கல்லைத் தேடும்போது சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டாம். சாய்வெயில் அடிக்கும் காலையிலோ மாலையிலோ சூரியனை நோக்கி மெதுவாக நடந்து, ஐந்தாறு அடி முன்னால் தரையைப் பாருங்கள். அகேட் நுண்படிகக் குவார்ட்ஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு படிகங்களால் ஆன குவார்ட்ஸ் கனிமம்; ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதனால் கல்லுக்குப் பின்னிருந்து வெயில் பட்டதும் விளிம்பு தேன் நிறத்தில் கனலும். பக்கத்தில் கிடக்கும் பசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறையும் மணற்கல்லும் வெறும் கறுப்பு நிழல்தான்.

குவாரித் தூசி படிந்திருந்தால் இந்த மினுக்கம் தெரியாது. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். மழைக்கு மறுநாள் என்றால் அந்த வேலையும் மிச்சம்.

உடைந்த பாட்டில் துண்டும் இப்படியே மின்னி ஏமாற்றும். கல்லின் கூர்முனையால் கண்ணாடியில் கீறுங்கள்: கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் அகேட்டின் கடினம் 6.5 முதல் 7, கண்ணாடி சுமார் 5.5, எனவே கோடு விழும். சாதாரணக் குவார்ட்ஸும் கீறும் என்பதால் வரிப்பட்டைகளையும் பாருங்கள்.

அகேட்டைப் போலவே நுண்படிகக் குவார்ட்ஸான ஜாஸ்பருக்கு இந்த வழி உதவாது, அது ஒளியை விடாத கல். மேகமூட்டத்திலும் உச்சிவெயிலிலும் பலனில்லை. குவாரிக்காரரின் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். சரளைக் குவியலின் செங்குத்தான அடிவாரத்தில் நிற்கவே கூடாது, சரியும்.